முன்னுரையில் நீந்தியவர்

"வந்த கடிதங்கள், ஏழாம் நோட்டு. மார்கழி இரண்டாவது வியாழன், பகல் தபால். நீல இன்லண்டு ஒன்று. பெயர் இல்லை, முகவரி இல்லை. பசைக்குப் பதில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறது. 'பதில் போட வேண்டாம்' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார். இன்றே ஏதாவது செய்ய வேண்டும்."

இது என் கையெழுத்தில் இருக்கும் குறிப்பு. வாசகர் கடிதங்களை வந்த நாளோடு பதிந்துவைப்பது என் வழக்கம். ஆண்டு, நோட்டின் அட்டையில் இருக்கிறது. அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களில் யாராவது ஒருவர் விரல்விட்டு எண்ணி, அந்தப் பெண் யார் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். காதல் கதை எழுதுகிறவர்களுக்குத் துப்பறியும் புத்தி கொஞ்சம் அதிகம். எனக்கும் உண்டு.

கைப்பேசியில் தொடர்கதை எழுதும் நீங்கள், உங்கள் குழுவின் பொங்கல் மலருக்கு "அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை" கேட்டிருந்தீர்கள். அத்தியாயம் ஏற்றிய பத்தாவது நிமிடம் உங்களுக்குச் சிவப்புச் சிவப்பாக இதயங்கள் வந்து விழுவதைப் பார்க்கிறேன். எனக்கு ஓர் இதயம் வர மூன்று வாரம் ஆகும். அதுவும் தபால்காரரின் சைக்கிள் பஞ்சர் ஆகாமல் இருந்தால். ஆகவே நாலு வார்த்தையில் என்னால் நிறுத்த முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்னார்குடியில் உட்கார்ந்துகொண்டு மாத நாவல் எழுதினேன். என் நாவல்களில் காதலர்கள் மாதம் ஒரு ஜோடியாகச் சேர்ந்தார்கள். தீபாவளி, பொங்கல் மாதங்களில் சிறப்பிதழ் என்பதால் பக்கங்கள் கூடும், முத்தங்கள் குறையும். வீட்டில் எல்லோரும் படிப்பார்கள் அல்லவா. பண்டிகைக் கதைகளில் ஒரு சங்கடம் உண்டு. தீபாவளிக் கதையை ஆடிக் காற்றில் எழுத வேண்டும். பொங்கல் கதையை ஐப்பசி அடைமழையில், துணி காயாத வீட்டில் உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதுகிற மாதமும் கதையின் மாதமும் வேறு என்பதால் கை எதையாவது கலந்துவிடும்.

என் முதல் தீபாவளி நாவலில், பட்டாசுச் சத்தம் ஓய்ந்த மாலையில், நாயகனும் நாயகியும் முழுநிலவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது எனக்குத் தெரியாதா? தெரியும். எழுதிய அன்று வாசலில் ஆடிப் பௌர்ணமி. அது கதைக்குள் ஏறிவிட்டது. நாகூரிலிருந்து ஓர் அம்மா கார்டு போட்டிருந்தார். "அன்புச் சகோதரி, அமாவாசையிலும் உங்கள் ஊரில் முழுநிலவு தெரிவது அறிந்து மகிழ்ச்சி. எங்களுக்கு ஒவ்வொரு ரமலானுக்கும் பிறை பார்ப்பதற்குள் கழுத்து வலிக்கிறது. அடுத்த முறை குடும்பத்தோடு உங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு வந்துவிடுகிறோம்." அன்று வாங்கினேன் பஞ்சாங்கமும் நோட்டும். அந்தக் கார்டு முதல் நோட்டின் முதல் பதிவு.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் எழுத்தாளர் அல்ல. தெப்பக்குளத்து வடகரையில் வாடகை நூலகம் வைத்திருந்தவர். அவர் ஒரு கதையும் முழுதாகப் படித்ததில்லை. ஆனால் திரும்பி வந்த புத்தகத்தைக் கையில் வாங்கிப் பக்க ஓரங்களை விசிறிப் பார்த்தே எல்லாம் சொல்லிவிடுவார்.

"அம்மா, அறுபத்தி நாலாம் பக்கத்துல பதினோரு மடிப்பு இருக்கு. அங்க எல்லாரும் புக்க மூடி வச்சிட்டுத் தூங்கப் போயிட்டாங்க. எழுபத்தெட்டுல பாருங்க, சாம்பார். அடுப்படிக்கே எடுத்துட்டுப் போயிருக்காங்க. அந்த மாதிரி பக்கம் நிறைய எழுதுங்க."

"முன்னுரைப் பக்கம் எப்படி இருக்கு?" என்று ஒருநாள் ஆசையாகக் கேட்டேன். அதற்காக நான் மிகவும் மெனக்கெடுவேன்.

"அதுவா? பிரஸ்ஸுலேர்ந்து வந்த மாதிரியே இருக்கும்மா. ஒரு விரல் படாது."

இந்த ஒரு வாக்கியத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

இப்போது நீல இன்லண்டுக்கு வருகிறேன். அது அந்தப் பெண் எழுதிய இரண்டாவது கடிதம். முதல் கடிதம் அதற்கு நான்கு மாதம் முன்பு, ஆவணியில் வந்தது. மன்னார்குடியைச் சுற்றிய ஊர்களில் ஒன்று. ஆசிரியர் பயிற்சி படிக்கும் பெண். பம்பு செட் பழுது பார்க்க வரும் மெக்கானிக் ஒருவரை விரும்புகிறாள். அவர் வீட்டுக்கு இவர்கள் வீட்டில் பெண் கொடுக்க மாட்டார்கள். அவர் ஊர் வாய்க்காலுக்கு அக்கரை. வாய்க்காலில் தண்ணீர் போனால் பாலம் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். பாலத்தடியில் இவளுடைய பெரியப்பாவின் டீக்கடை. அந்த ஆண்டு அணையில் நீர் குறைவு. ஆகவே முறை வைத்து விட்டார்கள்: ஐந்து நாள் தண்ணீர், ஐந்து நாள் இல்லை. தண்ணீர் நிறுத்திய நாள்களில் அவர் வாய்க்காலை நடந்தே கடந்து மோட்டார் கொட்டகைக்கு வருவார். கொட்டகையின் ஓட்டுமேல் சொம்பு கவிழ்ந்திருந்தால் வரலாம். நிமிர்ந்திருந்தால் ஆள் இருக்கிறது, திரும்பிப் போக வேண்டும். கடைசியில் எழுதியிருந்தாள்: "ஊரே தண்ணீர் வர வேண்டும் என்று கும்பிடுகிறது, அக்கா. நான் ஒருத்தி மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும் என்று கும்பிடுகிறேன். எனக்குப் பாவம் சேருமா?"

இதைப் படித்த எந்தக் காதல் எழுத்தாளர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்? நான் இருக்கவில்லை. ஐப்பசியில் பொங்கல் நாவலாக எழுதிவிட்டேன். முறைத் தண்ணீர், கொட்டகை, சொம்பு, வேண்டுதல் எல்லாம். பெயரை மட்டும் மாற்றினேன். பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பது நம் தொழிலின் மூடநம்பிக்கை.

மார்கழி இதழின் பின்னட்டையில் விளம்பரம் வந்தது. "தண்ணீர் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பெண்! மோட்டார் கொட்டகையில் கவிழ்ந்த சொம்பு! பொங்கலுக்குக் காத்திருங்கள்!"

அதைப் பார்த்துத்தான் இரண்டாவது கடிதம். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "என் அண்ணிதான் எனக்கு உங்கள் நாவல்களைக் கொடுத்துப் பழக்கியவர். இந்த விளம்பரத்தை எனக்குச் சத்தமாகப் படித்துக்காட்டினார். எங்கள் கொட்டகை மேல் கவிழ்ந்திருந்த சொம்பை ஆவணியில் அவரே எடுத்து உள்ளே வைத்திருக்கிறார். புத்தகம் வந்தால் புரிந்துவிடும். சித்திரையில் எனக்குக் கடைசித் தேர்வு. அதை எழுதிவிட்டால் வேலைக்குப் போய் என் காலில் நின்றுகொள்வேன். அதற்குள் தெரிந்தால் படிப்பை நிறுத்தி, தை பிறந்ததும் அத்தை மகனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள். சித்திரை வரைக்கும், அக்கா. அதுவரை போதும்."

படித்த கையோடு தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். சென்னையில் பத்திரிகை ஆசிரியர் கிடைத்தார்.

"நிறுத்தறதா? என்னங்க நீங்க! நூத்தி இருபது பக்கமும் பிரஸ்ஸுல ஓடிடுச்சு. ராப்பர் போன வாரமே வந்தாச்சு. முன்னுரை ஃபாரம் மட்டும் நாளைக் காலைல ஓடணும். அதுல ஏதாவது மாத்தணும்னா சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்க. அதுவும் ரெண்டே பக்கம்."

இரண்டே பக்கம். அதுவும் யாரும் விரல் வைக்காத பக்கம்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். "இக்கதை கற்பனையே" என்று போடலாம். எந்தப் புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்கிறதோ அதைத்தான் எல்லோரும் உண்மைக் கதை என்பார்கள். ஊரை வேறு மாவட்டத்துக்கு மாற்றலாம். ஆனால் உள்ளே நூற்று இருபது பக்கத்திலும் நம் வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கிறது. கதை உண்மை என்று அண்ணி கண்டுபிடிக்கத்தான் போகிறார். யாருடைய உண்மை என்பதை மட்டும்தான் நான் மாற்ற முடியும். நாலு மணி வாக்கில், உலையில் அரிசி களைந்து போடும்போது, அந்த யோசனை வந்தது.

ஆறு மணிக்குப் பூத்தில் கூட்டம். அந்தக் காலத்துப் பூத்துக்குக் கதவு உண்டு. எங்கள் தெருப் பூத்தின் கதவு சாத்தாது. சென்னையில் எழுதிக்கொள்ள உதவி ஆசிரியர் ஒருவரை உட்காரவைத்திருந்தார்கள். அவருக்குக் காது சற்று மந்தம். ஆகவே நான் கத்திக் கத்திச் சொன்னேன்.

"இந்தப் பக்கத்தை என் கணவர் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்."

எனக்குப் பின்னால் வரிசை அமைதியாகிவிட்டது. முதல் வரி வேலை செய்கிறது என்று அப்போதே தெரிந்தது.

"இதில் வரும் பெண் நான்தான். கொட்டகை என் அம்மா வீட்டுக் கொட்டகை. சொம்பு எங்கள் வீட்டுச் சொம்பு. முறைத் தண்ணீர் கரைபுரண்ட ஒரு நாள், என்னைப் பார்ப்பதற்காக ஆற்றை நீந்திக் கடந்து, ஈரச் சட்டையோடு வந்து நின்றவர், இன்று ஒரு விதைக் கிடங்கில் நெல்மூட்டைகளுக்கு நடுவே..."

"அக்கா, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்றார் பூத்து நடத்தும் பாய். "நீந்துன எடம் சரியாக் கேக்கல."

சவூதியில் இருக்கும் கணவரோடு பேசக் காத்திருந்த ஒரு பெண் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "நம்ம விதை ஆபீஸ் சாரா அக்கா? மேகம் கறுத்தாலே குடைய விரிச்சிடுவாரே! அவரா?"

"அவர்தாம்மா" என்றேன். வேறு வழி?

எங்கள் கல்யாணம் பெரியவர்கள் பேசி முடித்தது. பெண் பார்க்க வந்த அன்று என் கணவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "கத்திரிக்காய் சாப்பிடுவீங்களா?" வேளாண்மைத் துறைக்காரர்; ஏதோ ஆராய்ச்சியாக இருக்கும் என்று நினைத்தேன். அவருக்கு நீச்சல் தெரியாது. ஆடிப் பெருக்கன்றுகூடப் படித்துறையில் மேல்படியில்தான் நிற்பார். கிடங்கில் ஒரு மூட்டையில் கால் கிலோ குறைந்தாலும் குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர். பொய் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

அன்று மாலை அவர் வீடு வந்து சேர்வதற்குள் மூன்று பேர் வழிமறித்து விசாரித்துவிட்டார்கள். குடையை ஆணியில் மாட்டிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"எழுத்தாளரே, நான் எந்த ஆத்துல நீந்துனேன்?"

"மன்னிச்சுக்குங்க. உங்களக் கேட்டுட்டுதான் செஞ்சிருக்கணும்."

"காரணம் இருக்கா?"

"ஒரு பொண்ணோட வாழ்க்கைங்க. விவரமாச் சொல்றேன்..."

"சொல்லாத." கையைக் காட்டி நிறுத்தினார். "எனக்குத் தெரிஞ்சா எவனாவது கேக்கறப்ப வாயில வந்துடும். தெரியாம இருந்தாத்தான் நான் பத்திரம். ஆனா அந்த நீச்சல மட்டும் எடுத்துடேன். கேக்கவே குளிருது."

"காலைல ஓடப்போகுதுங்க. இன்னொரு தடவ அந்தப் பூத்துல போய் நிக்க என்னால ஆகாது."

ஒரு பெண்ணின் கதையைக் கேட்காமல் எடுத்தேன். அதைச் சரிசெய்வதற்காக ஓர் ஆணுக்குக் கேட்காமல் கதை கொடுத்தேன். ஒரே தவறை இருபுறமும் செய்திருக்கிறேன் என்பது அன்று படுக்கும்போதுதான் உறைத்தது. கடிதத்தை ஏழாம் நோட்டுக்குள் வைத்து, நோட்டுகளைக் கட்டி, என் வழக்கமான இரட்டை முடிச்சுப் போட்டு அலமாரி மேல் வைத்தேன்.

மார்கழிக் கடைசியில் புத்தகம் கடைகளுக்கு வந்தது. போகியன்று கும்பகோணத்திலிருந்து அண்ணன் பொங்கல் சீர் கொண்டுவந்தார். கரும்பையும் மஞ்சள் கொத்தையும் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். காபியைத் தொடவில்லை.

"ஏம்மா, நான் வீட்ல இருக்கறப்பவேவா?"

"அண்ணே..."

"நம்ம வீட்டுக்கு மோட்டார் கொட்டகையே கெடையாதே?" என்று ஒரு நிமிடம் யோசித்தார். நான் பிடிபட்டேன் என்று நினைத்தேன். "ஓகோ. பக்கத்து வயக்காட்டுக் கொட்டகை. அதான் பூட்டாமயே கெடக்கும்." தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். தன் சந்தேகத்தைத் தானே தீர்த்துக்கொள்கிற இப்படிப்பட்ட வாசகர் உங்களுக்கும் வாய்க்கட்டும். அண்ணன் பங்குனி வரை என்னோடு பேசவில்லை.

காணும் பொங்கல் அன்று கூடத்தில் உறவுக்காரர்கள் இருபது பேர். இலையெடுத்துவிட்டு எல்லோரும் என் கணவரைச் சூழ்ந்துகொண்டு "மாப்ள, அந்தக் கதையச் சொல்லுங்க" என்று கிண்டிக்கொண்டிருந்தார்கள். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதில் மிகுந்த கவனமாக இருந்தார். அப்போது வாசலில் ஒரு பெண் குரல்.

"எழுத்தாளர் அக்கா வீடுதானே? நான் உங்க பரம ரசிகைக்கா. கோயிலுக்கு வந்தோம். கையெழுத்து வாங்காமப் போகக் கூடாதுன்னு இவளையும் இழுத்துட்டு வந்துட்டேன். என் நாத்தனாரு."

முப்பது வயது இருக்கும். கையில் என் பொங்கல் நாவல். அவருக்குப் பின்னால், இருபது வயதில், தரையையே பார்த்துக்கொண்டு ஒரு பெண். கடிதம் எழுதியவள் இவள்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. வரச் சொல்லி உட்காரவைத்தேன். சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். அந்தப் பெண் கிண்ணத்தைக் கையில் வாங்கினாளே தவிர வாயில் வைக்கவில்லை.

அண்ணிக்கு என் கையெழுத்தைவிட என் கணவர்மேல்தான் ஆர்வம். "இவங்கதான் நீந்துனவங்களா? சார், தப்பா நெனைக்காதீங்க. எங்க வீட்டுக் கொட்டகை மேலயும் ஆவணி மாசம் இதே மாதிரி ஒரு சொம்பு கவுந்து கெடந்துச்சு. நான்தான் எடுத்தேன். புக்கப் படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. உண்மையிலேயே இது உங்க கதைதானா சார்?"

கூடமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவர் "இல்லை" என்று சொன்னால் போதும், அந்தப் பெண்ணின் சித்திரை அங்கேயே முடிந்துவிடும். அவரோ, யாராவது நேருக்கு நேர் கேட்டால், இல்லாததை "ஆமாம்" என்று வாழ்க்கையில் ஒருமுறையும் சொன்னதில்லை.

அவர் வெற்றிலையை மடித்து வைத்தார்.

"நீந்தலைங்க" என்றார்.

நான் அந்தப் பெண்ணுக்கும் அண்ணிக்கும் நடுவில் போய் நின்றேன்.

"நீந்துனேங்கறதெல்லாம் இவங்க சேத்தது. எனக்கு நீச்சல் தெரியாது. மொறத் தண்ணி நிறுத்துன நாளாப் பாத்து நடந்துதான் போவேன். சேறு முட்டி வரைக்கும் இருக்கும். ஒரு தடவ செருப்பு மாட்டிக்கிட்டு வரல. அத விட்டுட்டே வந்துட்டேன்."

"ஐயோ!" என்றார் அண்ணி, பரவசத்தோடு. "அப்ப சொம்பு?"

"சொம்பக் கழுவுனா எல்லாரும் கவுத்துத்தானேங்க காய வைப்பாங்க? நம்ம பக்கத்துல எந்தக் கொட்டகைல போய்ப் பாத்தாலும் ஒண்ணு கவுந்து கெடக்கும். அதனாலதான் எங்க மேல யாருக்கும் சந்தேகமே வரல. உங்க வீட்டுச் சொம்பும் யாராவது காய வச்சதா இருக்கும்."

"அட, ஆமால்ல" என்று அண்ணி தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். "இந்தப் புத்திகெட்டவ என்னென்னமோ நெனச்சிட்டேன்."

தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆனால் அவர் முடிக்கவில்லை. வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், விதை முளைப்புத் திறன் பற்றிச் சொல்வதுபோன்ற குரலில் சொன்னார்:

"அப்பறம் இவங்களுக்குப் பரீட்சை வந்துச்சு. சித்திரைல. பரீட்சை முடியற வரைக்கும் நான் வாய்க்கால் பக்கமே வரலைன்னு சொல்லிட்டேங்க. படிப்புதான் முக்கியம். தண்ணி நிக்கறதுக்கு எத்தனையோ மொற இருக்கு. பரீட்சைக்கு ஒரு மொறதானே."

அந்தப் பெண் அப்போதுதான் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினாள்.

"பாஸ் பண்ணிட்டாங்களா சார்?" என்றாள்.

"நல்லாப் படிச்சா பாஸ் பண்ணாம என்னங்க" என்றார் இவர்.

"நல்லாச் சொல்லுங்க சார்" என்று அண்ணி சேர்ந்துகொண்டார். "இவளுக்கும் சித்திரைலதான் பரீட்சை. எப்பப் பாத்தாலும் கொட்டகைல உக்காந்துதான் படிப்பேங்கறா."

"வீட்லயே படிக்கட்டுங்க. கொட்டகைல வெளிச்சம் பத்தாது."

அந்தப் பெண் கிண்ணத்திலிருந்த பொங்கலைச் சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினாள்.

நீங்கள் பாடம் கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். கடிதம் நமக்கு வருகிறது. அதில் இருக்கிற வாழ்க்கை வருவதில்லை. கேட்டுவிட்டு எடுங்கள். இன்னொன்று: நெருக்கடியில் நான் கதையில் ஓர் ஆற்றைச் சேர்த்தேன். அவர் அதை வற்றவைத்து, ஒரு செருப்பைச் சேற்றில் விட்டார். இருபது பேர் நம்பியது செருப்பைத்தான். நூறு நாவலுக்குமேல் எழுதியவள் நான். ஒரு மூட்டை விதைநெல்லைத் தவிர எதைப் பற்றியும் மூன்று வரி எழுதாதவர் அவர்.

மாசியில் நூலகக்காரர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். புத்தகத்தை விரித்துக் காட்டினார். முன்னுரையின் இரண்டு பக்கமும் மஞ்சளும் எண்ணெயும் சாம்பாருமாக, எழுத்தே தெரியவில்லை. "என் சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்லைம்மா" என்றார். பங்குனிக்குள் சுற்றுவட்டாரத்தில் பாதிக் கொட்டகைகளின் மேல் சொம்புகள் கவிழ்ந்துவிட்டன. விதை வாங்க வந்த விவசாயிகள் என் கணவரிடம் புகார் சொன்னார்கள். "சார், எங்க வீட்டுச் சொம்பெல்லாம் கொட்டகைக்குப் போயிருது. வீட்ல தண்ணி குடிக்க ஒண்ணு இல்ல." அவர் எல்லோருக்கும் குறுவைக்கு என்ன விதை நல்லது என்பதை மட்டும் சொல்லி அனுப்பினார். அத்தனை சொம்புகளுக்கு நடுவில் அந்த ஒரு சொம்பை இனி யாரும் தேட முடியாது.

அடுத்த ஆண்டு கார்த்திகையில் மூன்றாவது கடிதம் வந்தது. ஒன்பதாம் நோட்டு. இந்த முறை பசை போட்டு ஒட்டியிருந்தது, அனுப்பியவர் பெயரும் இருந்தது. தேறிவிட்டாள். வேறு மாவட்டத்தில் பள்ளிக்கூட வேலை. பதிவு அலுவலகத்தில் திருமணம் நடந்தது. வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, அண்ணியைத் தவிர. அண்ணி ஒரு புதுச் சொம்பைச் சீராகக் கொண்டுவந்து, மேசைமேல் கவிழ்த்து வைத்தாராம். அவருக்கு எப்போது தெரிந்தது என்று இவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கடிதத்தின் கடைசி வரி: "என் தேர்வைப் பற்றிச் சாரிடம் சொல்லி, அன்று அப்படிப் பேசவைத்ததற்கு நன்றி அக்கா."

நான் சொல்லவில்லை. எதுவும் சொல்லாதே என்று அவர்தான் தடுத்துவிட்டாரே. என் தேர்வுக் கதையாகவும் அது இருக்க முடியாது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான், அந்தத் தேர்வும் பங்குனியில். சித்திரை என்ற சொல் இருந்தது அந்த இன்லண்டு ஒன்றில்தான். அலமாரிமேல் ஏறிப் பார்த்தேன். கட்டு அப்படியே இருந்தது, என் இரட்டை முடிச்சோடு.

அன்றிலிருந்து ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் எங்கள் வீட்டில் அவர் அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். பேரன் பேத்திகள் விடுவதில்லை. செருப்பு இப்போது இரண்டு செருப்பாகிவிட்டது. ஒரு தண்ணீர்ப் பாம்பும் சேர்ந்திருக்கிறது. கதை முடிந்து எல்லோரும் கலைந்ததும் நான் ஒரே கேள்வியைக் கேட்பேன்: அந்தச் சித்திரைப் பரீட்சை உங்களுக்கு எப்படித் தெரிந்தது? கிடைத்த பதில்களைத் தேதியோடு குறித்திருக்கிறேன். ஒரு வருடம்: "நீ தூக்கத்துல பேசுவ." இன்னொரு வருடம்: "அந்த மெக்கானிக் நம்ம கிடங்கு பம்பு பாக்க வருவான், அவன் சொன்னான்." விசாரித்தேன். கிடங்கில் பம்பே கிடையாது, கைக்குழாய்தான். மற்றொரு வருடம்: "அந்தப் பொண்ணு விரல்ல மை இருந்துச்சு. படிக்கிற பொண்ணுன்னு தெரிஞ்சுது. பரீட்சைன்னா சித்திரைலதானே இருக்கும்?" இது நம்பும்படி இருக்கிறது. அதனாலேயே எனக்கு இதன்மேல் சந்தேகம்.

இதை எழுதி முடிக்கும் இந்த நேரத்தில் அவர் பக்கத்து அறையில்தான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். போய்க் கேட்டேன். "பசங்க மலருக்கு எழுதறேன். இப்பவாவது உண்மையச் சொல்லுங்க. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தாளை இறக்காமலே சொன்னார்: "சொல்றேன். ஆனா முன்னுரைல போடு. அதத்தான் ஒருத்தரும் படிக்கறதில்லையே."

அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது இதுநாள்வரை உறுதிப்படவில்லை. நோட்டில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவைத்திருக்கிறேன்.